மார்கழியில் பிடித்த இன்ஜின்

வேலூர் வெயிலைத் தாங்கிய என் பைக்கின் இன்ஜின் மார்கழிக் குளிரில் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. சொன்னால் பலரும் நம்புவதில்லை. அக்னி நட்சத்திரத்தின் நடுவில்கூட ஞாயிறு தவறாமல் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் கடைசியில், பனி இன்னும் விலகாத ஒரு காலையில், மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் போய்க்கொண்டிருந்தபோது சத்தம் ஒரு நொடி மெலிந்து கீச்சென்று ஏறியது. அப்புறம் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கிளட்ச் லீவர் மேல் ஒரு விரல் எப்போதும் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த விரல் இருந்ததால் விழவில்லை.

வண்டி கவாசாகி கேஎக்ஸ் 100. மண் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்தது. 99 சிசி டூ ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் இன்ஜின், ஆறு கியர், எடை 77 கிலோ. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் உடல்வாகு சிறியவர்களுக்கும் ஏற்ற அளவு. நான் 58 கிலோ, உயரமும் கம்மி, அதனால் எனக்கு இது சரியாகப் பொருந்துகிறது. கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் பையன் வளர்ந்துவிட்டான் என்று விற்றார்கள். குட்டி யானையில் கட்டிக் காட்பாடிக்குக் கொண்டுவந்தேன்.

இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. ரோட்டில் ஓட்டவே கூடாது. வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஓட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது, அங்கே ஓட்டலாமே என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆற்றில் மாடு மேயும், ஆட்கள் குறுக்கே நடப்பார்கள், கரையோர ஊர்களுக்குக் குடிதண்ணீர் எடுக்கிற கிணறுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆழமான மணலில் இன்ஜினுக்குச் சுமையும் அதிகம். நான் அங்கே இறங்குவதில்லை. பொன்னைக்குப் பக்கத்தில் நண்பனின் மாமாவுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. வேர்க்கடலை பிடுங்கிய பிறகு ஒரு பகுதி சும்மாதான் கிடக்கும். அவர் வாடகை வாங்க மறுத்துவிட்டார். தீபாவளிக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப்போய்க் கொடுப்பதோடு சரி. ஆனால் சத்தம் விஷயத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "மாடு மிரளாம பாத்துக்க தம்பி." அதனால் சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சை இருபது மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். பஞ்சு எரிந்து கரைந்துவிட்டால் சத்தம் ஊரைக் கூட்டும். நிலம் போய்விட்டால் வண்டி வெறும் இரும்பு.

இருபது மணி நேரம் என்று சொன்னேன். இந்த வண்டியைக் கிலோமீட்டரில் கணக்கு வைக்க முடியாது, மணியில்தான் வைக்க வேண்டும். பிளக் ஒயரில் நாலு சுற்று சுற்றிவிட்டால் இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வண்டி வாங்கிய அன்றே அதை மாட்டிவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை கியர் ஆயில், இருபத்தைந்து மணி நேரத்தில் பிஸ்டனும் ரிங்கும் என்பது என் கணக்கு. பந்தயத்தில் ஓட்டுபவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்றுவார்கள். முதல் முறை கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு தடவை கையால் செய்து பார்த்தபின், இது செயினுக்கு எண்ணெய் போடுவதைப் போல ஒரு வேலைதான் என்று புரிந்தது. ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கினால் பிஸ்டன் கண் முன்னால் நிற்கும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மெக்கானிக் பாய். 1985ல் வந்து 1996ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்தான் அவர் பட்டறையின் அடித்தளம். சிறுவயதில் சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்க லாரி ஏறிப் போனவர். கேஎக்ஸை முதன்முதலில் பார்த்தபோது தொடவே யோசித்தார். ஒரு வாரம் பட்டறையிலேயே நிறுத்திவைத்து, தினமும் டீ குடித்துக்கொண்டே சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார். தெரியாத வண்டியில் உடனே கை வைக்காத மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஆயில் கலப்பதில் இருந்து தொடங்குகிறேன், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆர்எக்ஸ் 100ல் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப் உண்டு. மோட்டோகிராஸ் வண்டியில் அது கிடையாது. பெட்ரோலில் நாமே கலக்க வேண்டும். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 31 மில்லி. நான் கண் அளவில் ஊற்றுவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் 60 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஆயிலுக்கென்றே வைத்திருக்கிறேன்.

ஆரம்பத்தில், இன்ஜின் பத்திரமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே ஆயில் ஊற்றிவந்தேன். பாய் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஜெட்ல போற அளவு ஒண்ணுதான். அதுல ஆயில் அதிகமானா பெட்ரோல் கம்மியாத்தான போவும்? பெட்ரோல் கம்மியானா சூடு ஏறும்ல?" ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள சின்னத் திருகு. எனக்கு அதுவரை தோன்றாத கணக்கு அது. இன்ஜினைப் பொறுத்தவரை ஆயிலைக் கூட்டுவது பெட்ரோலைக் குறைப்பதுதான். ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப ஜெட் வைத்து, பிறகு விகிதத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. பெட்ரோல் பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலிகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். கலந்து வைத்ததை மாதக்கணக்கில் கேனில் வைத்திருந்த காலம் போய்விட்டது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்கிறேன். வீடு திரும்பியதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யத் தொடங்கிய பிறகு, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் ஒரு முறைகூட அடைக்கவில்லை.

இப்போது மார்கழிக்கு வருகிறேன்.

மே மாதம் வண்டி இழுக்கவில்லை. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் 'பொத பொத'வென்று திணறியது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருந்தது. வெயிலில் காற்று விரிந்து லேசாகிவிடுகிறது. உள்ளே போகும் காற்றின் எடை குறைய, பெட்ரோல் மட்டும் அதே அளவில் போகிறது. அதனால் முழு ஆக்சிலேட்டருக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை இரண்டு எண் சிறியதாக மாற்றினேன். வண்டி பறந்தது. பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. நான் செய்தது சரிதான், மே மாதத்துக்கு.

அந்த ஜெட்டைத் திரும்ப மாற்றவில்லை. அதுதான் தப்பு. நம் ஊரில் மே மதியம் 42 டிகிரி என்றால் மார்கழி விடியல் 18 டிகிரி. அதே அளவு காற்று அந்தக் குளிரில் ஏழெட்டு சதவீதம் எடை கூடி உள்ளே போகும். பெட்ரோல் கூடவில்லை. ஆக, குளிரில் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது பிஸ்டனின் மேல்பகுதி வெந்துகொண்டிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், வழுக்கலும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில்.

பாய் பட்டறையில் சிலிண்டரைத் தூக்கியதும் பிஸ்டனின் சைலன்சர் பக்கத்தில் மேலிருந்து கீழே கீறல்கள். பிஸ்டனைச் சுற்றி நான்கு இடத்திலும் கீறியிருந்தால் சூடேறுவதற்கு முன்னால் முறுக்கியது காரணம் என்றார். அலுமினியப் பிஸ்டன் சட்டென்று விரியும், வெளியே சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருக்கும். இது அந்த வகை இல்லை. பிளக் முனையில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி.

சிலிண்டரை ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். "பாயின்ட் டூ ஃபைவ் போர் போட்டா முடிஞ்சுது" என்று மிஷினில் கட்டவே போனார் அங்கிருந்தவர். சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிதாக்குவதைத்தான் அப்படிச் சொன்னார். ஆர்எக்ஸ் 100 என்றால் அவர் சொன்னது சரி, அதற்குள் இருப்பது வார்ப்பிரும்பு உறை. கேஎக்ஸின் சிலிண்டர் முழுக்க அலுமினியம், உட்சுவரில் மெல்லிய, ரொம்பக் கடினமான பூச்சு மட்டும்தான் இருக்கிறது. போர் போட்டால் பூச்சு போய்விடும், அடுத்த நாளே பிஸ்டன் அலுமினியத்தில் உரசும். பாய்க்குப் போன் செய்தேன். "தூக்கிட்டு வந்துடு, யாரையும் தொட விடாத" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பூச்சு போட்ட சிலிண்டருக்கு லேத்தில் வேலை இல்லை. பூச்சு உரிந்துவிட்டால் மறுபடி பூச்சுப் போடும் இடத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது புதுச் சிலிண்டர்.

எனக்குப் பூச்சு பிழைத்திருந்தது. சுவரில் தெரிந்த கோடுகள் சிலிண்டரின் கீறல் இல்லை, பிஸ்டன் அலுமினியம் அப்பிக்கொண்ட தடம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்தத் தடத்தின் மேல் மட்டும் தடவினால் நுரைக்கும். அலுமினியம் தீர்ந்ததும் நுரை நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி தடவி, ஒரு மதியம் முழுக்கப் பொறுமையாகச் செய்தோம். கையுறை போட்டுக்கொண்டு திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். போர்ட் ஓரங்களில் வெறும் அலுமினியம் தெரியும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, அங்கேயும் அரித்துவிடும். முடித்ததும் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தோம். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு துணி ஆயிற்று.

புதுப் பிஸ்டன் போட்டுப் பூட்டிவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். பாய் விடவில்லை. "இதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் ஒழுங்கா எறங்குச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரமாகவே இறங்கவில்லை. கைப்பிடியை விட்ட பிறகும் இன்ஜின் ஒரு மூச்சு உயரத்திலேயே நின்று, அப்புறம்தான் கீழே வந்தது. ஐடிலிங் திருகு அதிகமாகிவிட்டது போல என்று நினைத்து அதைத்தான் குறைத்திருந்தேன். எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு இல்லை.

பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையில் காற்றுக் கசிவு பார்க்க ஒரு கருவி உண்டு. சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை அடைத்துவைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கு சிஎம்சி ஆஸ்பத்திரியில் அத்தையை டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். நர்ஸ் பிபி பார்க்கும்போது அந்த மீட்டரில் 300 வரை எண் இருப்பது கண்ணில் பட்டது. 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. அத்தையை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஐடா ஸ்கடர் சாலைக்குத் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி அத்தனை சர்ஜிகல் கடைகள் இருக்கும் ஊர் இது. பிபி மீட்டரும் பந்தும் ட்யூபும் வாங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பழைய பிஸ்டனும் புது கேஸ்கெட்டும் போட்டு சிலிண்டரையும் ஹெட்டையும் பூட்டி, பிளக் மாட்டினோம். சைலன்சர் துளையை லாரி ட்யூப் ரப்பர் வெட்டி ஒரு தகடு வைத்து அடைத்தோம். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் துளையிட்ட ரப்பர் மூடி, அதற்குள் பிபி ட்யூப். பந்தை அமுக்கி 280 வரை ஏற்றினேன். ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் 50 புள்ளி குறைந்தால் பரவாயில்லை என்பது கணக்கு. எனக்கு முள் கண்ணுக்குத் தெரிய விழுந்தது. கரன்ட் உண்டாக்கும் மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி, கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினார் பாய். நுரை மெல்ல உப்பியது. சில நூறு ரூபாய் சீல். அது மட்டும் தெரியாமல் புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் இரண்டாவது தடவையும் பிடித்திருக்கும், அதுவும் முழு ஆக்சிலேட்டரில்.

சீல் இரண்டு பக்கமும் உண்டு. மேக்னட் பக்கச் சீல் போனால் காற்று புகும், இன்ஜின் வேகும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றினோம். இப்போது பிஸ்டன் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிபி பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வது. அந்த மீட்டர் பட்டறையிலேயே இருக்கிறது, மற்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பாய் அதை எடுக்கிறார்.

பூட்டிய பிறகு மூன்று தடவை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டோம். முதல் ஒரு மணி நேரம் முழு ஆக்சிலேட்டர் தொடவில்லை. இப்போதும் எந்தக் காலமாக இருந்தாலும் ரேடியேட்டர் இரண்டு பக்கமும் கையில் சூடு தெரியும் வரை வண்டியை நகர்த்த மாட்டேன். நீளமான இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டு இறங்குவதும் இல்லை. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும் என்பதால், கிளட்சைப் பிடித்து இடையிடையே லேசாக முறுக்கிவிடுவேன்.

தூசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் பக்கத்து ஆளுக்கு இது பயன்படாது. பொன்னைப் பக்கம் செம்மண், சரளை. கோடையில் முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் வருபவனுக்குக் கண் தெரியாது. அந்தப் புழுதி ஏர் ஃபில்டரைத் தாண்டினால் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும், அதாவது பேரிங், பிஸ்டன், ரிங் மூன்றையும் தேய்த்துவிட்டுப் போகும். நான் மூன்று ஃபில்டர் ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, டீ குடிக்க நிறுத்தும்போது இரண்டாவது, மூன்றாவது கைவசம். பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய இடம் பிரிந்துகொள்ளும். முதலில் டீசலில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை. பிழியும்போது துணி மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயில் எல்லா இடத்திலும் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். விளிம்பில் கிரீஸ். பலர் விடுவது இந்த கிரீஸைத்தான், தூசி போவதும் அந்த விளிம்பு வழியாகத்தான். மாட்டுவதற்கு முன் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுப் பார்ப்பேன். துணி வெள்ளையாகவே வந்தால்தான் தூக்கம் வரும்.

மற்றவை சின்ன வேலைகள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்துவிடும். என்னிடம் வந்தபோதே உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிக்கக் கொடுக்க வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும். ஒரு பக்கெட்டும் துணியும் போதும், சைலன்சர் வாயை மூடிவிட்டுக் கழுவுங்கள். ஸ்போக்ஸை ஒவ்வொரு முறையும் தட்டிச் சத்தம் கேளுங்கள். கூர்ந்து கேட்டால் தளர்ந்தது தனியாகத் தெரியும்.

உதிரிப் பாகம் கேட்ட அன்றைக்குக் கிடைக்காது. வரும்போது வரும். வீட்டு பீரோவில் அம்மா ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்: ஒரு பிஸ்டன் செட், இரண்டு செட் கேஸ்கெட், கிராங்க் சீல், ரீட், பிளக் நான்கு, லீவர்கள், ஒரு டப்பாவில் ஜெட்கள். டப்பா மூடியின் உட்பக்கம் மாதம் வாரியாக எந்த ஜெட் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் பெரியது. பங்குனி கடைசியில் சிறியது. இடையில் திடீரென்று குளிர்ந்தாலோ காய்ந்தாலோ பிளக்கைப் பார்த்து முடிவு செய்வது.

போன மார்கழியில் அதே நிலம், அதே நேர்பாதை. பாயும் வந்திருந்தார். வண்டியைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, முழு ஆக்சிலேட்டரில் அவரைக் கடந்து போகச் சொன்னார். மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவை கையைக் காட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். "காபிப்பொடி" என்று என் கையில் கொடுத்தார்.

இந்த ஞாயிறும் போகிறோம். மூன்று ஸ்பாஞ்சும் ஆயில் போட்டுத் தனித்தனிக் கவரில் கட்டி வைத்தாயிற்று.